குற்றமும் நட்பும் சூழ

சனிக்கிழமை காலை

என்றென்றும் என் மரியாதைக்குரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகன், கண்ணாடிக் கடைக்காரன், பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, நான், என் மனைவி மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் மாமாவும் சௌக்கியமா என்று கேட்கத்தான் நான்கு நாட்களாக உங்கள் போனுக்கு அழைத்துக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் எடுக்கவில்லை. நேற்று மாமா எடுத்தார். "உங்க அத்தை பத்திரிகை வந்த அன்னைலேருந்து வாயே திறக்கலைடா" என்றார். மேற்கொண்டு கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, காரணம் எனக்குத் தெரியும். ஆகவேதான் இந்தக் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அப்பா மறுமணம் செய்துகொள்ளப் போகிறார் என்று போன மாதம் நான் சொன்னபோது, "அறுபத்துநாலு வயசுல இதெல்லாம் குத்தம்டா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். அக்கா என்ற முறையில் அது உங்கள் உரிமை. ஆனால் அதற்குப் பதிலடி கொடுப்பதுபோல, உங்கள் கைக்கு வந்த அழைப்பிதழில் 'குற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்த வேண்டுகிறோம்' என்று அச்சாகியிருக்கிறதே, அதில் யாருடைய உள்நோக்கமும் இல்லை. அது 'சுற்றமும் நட்பும்'. ஒரே ஒரு எழுத்துதான் பிசகு. அது எப்படி நேர்ந்தது என்பதை ஆதியோடந்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

மணப்பெண்ணை நான் என்ன சொல்லி அழைப்பது என்பது இன்னும் முடிவாகாததால் இப்போதைக்கு நூலகர் அம்மா என்று வைத்துக்கொள்கிறேன். முப்பது வருடம் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கடையில்தான் அறிமுகம், அதுவும் என் தவறால்தான். ஒரே மாதிரி ஃபிரேம் போட்ட இரண்டு கண்ணாடிகளை உறை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அப்பா ஒரு வாரம் அவருடைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உலகமே மங்கிப்போய்விட்டது என்று புலம்பினார். அந்த அம்மா அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியில் தடுக்கினார். இருவரும் கடையில் வைத்துக் கண்ணாடியை மாற்றிக்கொண்டார்கள். அதன்பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் இருவர் கண்ணாடியிலும் திருகு கழன்றது. நானும் ஆறு மாதம் திருகை முடுக்கிக்கொண்டே இருந்தேன், மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. என் மனைவிதான், "திருகு கண்ணாடியில இல்லைங்க" என்றாள்.

சரி, அழைப்பிதழுக்கு வருகிறேன். அப்பா, நூலகர் அம்மா, நான் மூவருமாக அட்டைக்கடைக்குப் போனோம். சுவர் முழுக்க ஆல்பங்கள். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்றார். நான் அப்பாவைக் காட்டினேன். "அவர் யாருக்குப் பாக்கறார்? பேரனுக்கா?" என்றார். அப்பா ஓர் ஆல்பத்தைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, உள்ளேயிருந்தே, "எனக்குத்தான்" என்றார். கடைக்காரர் திகைத்தாலும் வியாபாரத்தை விடாமல், "பெரியவங்களுக்குன்னு தனியா ஒரு ஆல்பம் இருக்கு" என்று எடுத்துக் கொடுத்தார். அது முழுக்க முழுக்கப் பணி ஓய்வு பாராட்டு விழா அட்டைகள். நூலகர் அம்மா அதை ஒரு பக்கம் விடாமல் புரட்டிவிட்டு, "இவர் இப்பத்தான் வேலைக்குச் சேரப் போறார், வேற காட்டுங்க" என்றார்.

அதன்பிறகு வெல்வெட் பெட்டியில் வைத்தது, திறந்தால் பாட்டுப் பாடுவது, பூவிதழ் பதித்த சொரசொரப்புத் தாள் என்று ஒவ்வொன்றாக வந்தன. அப்பாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே, தபால் நிலையத்தில் நாற்பது வருடம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். எந்த அட்டையைப் பார்த்தாலும் அது தபாலில் பிழைக்குமா என்பதுதான் அவர் கவலை. கடையிலிருந்த ஸ்டூலில் ஏறி, தபால் பை வண்டியிலிருந்து விழுகிற உயரம் இதுதான் என்று சொல்லி, வெல்வெட் பெட்டியைக் கீழே போட்டார். அதில் ஒட்டியிருந்த முத்துகள் கடை முழுக்க ஓடின. பாட்டு அட்டையைப் போட்டார், அது பாட ஆரம்பித்தது, நிறுத்த வழி தெரியாமல் கடைக்காரர் அதைக் கல்லாப்பெட்டிக்குள் போட்டு மூடினார். நாங்கள் கிளம்பும்வரை கல்லா பாடிக்கொண்டிருந்தது.

நூலகர் அம்மாவுக்கு வேறு கவலை. ஒவ்வொரு தாளையும் இரண்டு விரலுக்கு நடுவில் உரசி, முகர்ந்து பார்த்து, "இது அஞ்சு வருஷத்துல மஞ்சளாயிடும்" என்று தள்ளி வைத்தார். "கல்யாணம் முடிஞ்சப்புறம் பத்திரிகையை யாரும்மா வச்சுக்கப் போறாங்க?" என்றார் கடைக்காரர். "நான் வச்சுக்குவேன்" என்றார் அவர். அப்பா அதைக் கேட்டுவிட்டு அரை மணி நேரம் எந்த அட்டையையும் கீழே போடவில்லை. கடைசியில் புத்தகத்துக்குள் பக்க அடையாளமாக வைக்கிறோமே, அந்த நீள ஒல்லி அளவில், தந்த நிறத் தாளில் முடிவாயிற்று. புத்தகத்திலும் இருக்கும், சாதாரண உறையிலும் போகும். இரண்டு பேருக்கும் திருப்தி.

அட்டை முடிந்தது, வாசகம் ஆரம்பித்தது. கடையில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற பெண் ஒருவர் இருக்கிறார், நல்ல மாதிரி. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் மணமகனின் பெற்றோர் பெயரைப் போடாவிட்டால் அடுத்த வரிக்கு நகராதாம். அவர் வேறு வழியில்லாமல் அந்த இடத்தில் என் பெயரையும் என் மனைவி பெயரையும் போட்டுவிட்டார். திருத்திக் கொடுக்கச் சொல்லி முதல் புரூஃப் வந்தது. அதில் அப்பா எங்களுடைய மூத்த குமாரன், திருவளர்ச்செல்வன். "இனிமே நான் எங்கடா வளரப் போறேன்" என்று சொல்லிவிட்டு அப்பா என் தோளைத் தட்டி, "கடன் பட்டாவது எனக்கு ஒரு நல்ல காரியம் பண்ணி வைக்கறியேப்பா, நல்லா இரு" என்றார். அத்தை, அம்மா போய் ஒன்பது வருடமாகிறது. இந்த ஒன்பது வருடத்தில் சாயங்காலமானால் அப்பாவுக்கு ஒரே பேச்சுத்துணை டிவியில் செய்தி வாசிக்கிற பெண்தான். அவர் வணக்கம் சொன்னால் இவரும் "வணக்கம்மா" என்பார். அந்த மனிதர் அன்றைக்கு, கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி விழுகிற அளவுக்குச் சிரித்தார். நான் அந்தப் புரூஃபைக் கிழிக்கவில்லை, என் கடையில் மாட்டி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது புரூஃபை நூலகர் அம்மா வாங்கிக்கொண்டார். பதினோரு வரிக்குப் பதினேழு திருத்தம், எல்லாம் சிவப்புப் பென்சிலில். 'எங்கள் தந்தைக்கு திருமணம்' என்றிருந்ததில் ஒரு 'த்' குறைகிறதென்று நேராகக் கடைக்கே போய்விட்டார். கடைக்காரருக்கு ரோஷம். "இருபத்தஞ்சு வருஷமா அடிக்கிறேன். ஒரு 'த்' இல்லேன்னா கல்யாணம் நடக்காதாம்மா?" என்றார். "நடக்கும், ஆனா அந்த வரியைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு இருமல் வரும்" என்றார் இவர். 'த்' போடப்பட்டது. அதே புரூஃபில் 'சுற்றமூம்' என்று 'மு' நெடிலாகியிருந்தது. இவர் அதைச் சுழித்து, ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு போகிற வழியில் முதல் எழுத்தின் மேலேறிப் போயிற்று. கம்ப்யூட்டர் பெண் உற்று உற்றுப் பார்த்து, கோடு ஏறிய 'சு' 'கு' மாதிரித் தெரிய, இவ்வளவு படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று 'கு' போட்டுவிட்டார்.

மூன்றாவது புரூஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். நாள் முழுக்க ஊரார் கண்ணைச் சோதிக்கிறவன். வயதானவர்கள் படிக்கும்படி எழுத்துப் பெரிதாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேனே தவிர, என்ன எழுத்து என்று பார்க்கவில்லை. முந்நூறு அட்டை வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்ததும் அப்பா மேலாக இருந்த ஒன்றை எடுத்து, உறையில் போட்டு, "முதல் பத்திரிகை எங்கக்காவுக்குத்தான்" என்று தன் கையாலேயே விலாசம் எழுதி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார். அவர் வாசலில் நுழையும்போதுதான் என் மனைவி இன்னொன்றை எடுத்து வாய்விட்டுப் படித்துவிட்டு, "ஏங்க, குத்தத்தையும் கையோட கூட்டிட்டு வரணுமா?" என்றாள்.

கடைக்காரரை ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒரு தாள் முழுக்கப் பொடி எழுத்தில் முந்நூறு 'சு' அச்சடித்துக்கொண்டு, பசையும் கத்தரிக்கோலுமாக அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். ஐந்து பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வெட்டி ஒட்டினோம். மின்விசிறியைப் போட முடியாது, போட்டால் 'சு' பறக்கும். என் முழங்கையில் சு, காபியில் சு, கடைக்காரரின் மீசையில் சு. "எங்க கடைக்கு வந்த மாப்பிள்ளைங்கள்ல உக்காந்து கத்தரிச்சவர் நீங்க ஒருத்தர்தான் சார்" என்றார் அவர். அப்பாவின் கன்னத்தில் ஒரு சு ஒட்டியிருந்தது. நூலகர் அம்மா அதை விரல் நுனியால் மெல்ல எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் உடனே பசைப் பாட்டிலை மும்முரமாகப் பார்த்தோம்.

எல்லாம் ஒட்டி முடித்துப் பெட்டியில் அடுக்கியபோதுதான் நூலகர் அம்மாவின் முகம் வாடியது. "நான் அவங்க தம்பி வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே என் பென்சில் போய் அவங்களைக் குத்திடுச்சு. அக்கா வரேன்னு சொல்ற வரைக்கும் ஒரு பத்திரிகையும் போக வேண்டாம், அதுல போட்ட தேதியும் வேண்டாம்" என்றார். அப்பா கையிலிருந்த தபால்தலைகளை அலமாரியில் வைத்துவிட்டார். நேற்றுச் சாயங்காலம் டிவி முன்னால் மறுபடி அந்த "வணக்கம்மா" கேட்டது. அத்தை, என்னால் அடுப்பங்கரையில் நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

குற்றம் பென்சிலுடையது அல்ல, பார்க்காமல் கையெழுத்துப் போட்ட என்னுடையது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், நேரில் வந்து திட்டினால் இன்னும் விசேஷம். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது உறைகள் உங்கள் ஒரு வார்த்தைக்காக மேஜையில் காத்திருக்கின்றன.

மாமாவுக்கு எங்கள் வணக்கங்கள். உங்கள் இருவர் ஆசியும் எங்களுக்கு எப்போதும் வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்தில் மாமா அழைத்தார். பத்திரிகை வந்த அன்று உங்களுக்கு இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்களாம், ஒரு வாரம் பேசக் கூடாதென்று டாக்டர் உத்தரவாம், கோபமெல்லாம் இல்லையாம். "பத்திரிகை படிச்சாங்களா மாமா?" என்றேன். "பேரும் தேதியும் பாத்தா. நடுவுல இருக்கறதை எவன்டா படிக்கிறான்? கவரைத்தான் நாலு நாளா திருப்பித் திருப்பிப் பாக்கறா, தம்பி கையெழுத்தாம். பெட்டிகூடக் கட்டியாச்சு" என்றார். விஷயம் கேட்டதிலிருந்து அப்பா பக்கத்து அறையில் தபால்தலைகளுக்குத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கிறார், நூலகர் அம்மா கூடவே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாமென்று பார்த்தேன். ஆனால் இதன் உறையில் அப்பா முதல் ஆளாகத் தபால்தலையை ஒட்டிவிட்டார், ஒட்டிய தபால்தலை வீணாவதை அவர் உயிரே போனாலும் பொறுக்க மாட்டார். ஆகவே அனுப்புகிறேன். வந்ததும் உறையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம்.