கருவாட்டுக்கு நிழல் கொடுத்தவர்

மனிதர்களில் புதிதாக ஒரு வகை முளைத்திருக்கிறதே, கவனித்தீர்களா? கார்பன் கருணாமூர்த்தி! மரங்கள் விழுங்கும் புகையை எடைபோட்டு, எங்கோ புகை கக்குகிற கம்பெனியிடம் அந்தக் கணக்கை விற்று, வருவதில் ஊருக்கும் பங்கு தருவது இவர் தொழில். நல்ல தொழில்தான். இவரைத்தான் தாங்க முடியாது.

போன மாதம் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் ஓர் அசல் கருணாமூர்த்தியைப் பார்த்தேன். காரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றி, மணலை அள்ளிக் கண்ணில் ஒற்றி, உள்ளே போன மணலுக்காக வடித்த நீரையும் பூமித்தாய்க்கே காணிக்கையாக்கி, ஆள் வைத்து நூறு புங்கன்கன்றுகளை நட்டுவிட்டார். எங்கே? அந்தக் குப்பத்து ஜமுனாவும் மற்றப் பெண்களும் கருவாடு காயவைக்கும் மணல்மேட்டில்!

"தாய்மார்களே! வெயிலில் வாடும் உங்களுக்கு நிழலைப் பரிசளிக்கிறேன்!" குரல் உடைந்தது.

"நெழல்ல கருவாடு எப்டி சார் காயும்?" என்றாள் ஜமுனா. "புழு வெச்சிடும். அப்பறம் எம் புள்ளைங்க இன்னாத்த துன்னும்? பின்னால உப்பேறிப்போன எங்க நெலம் சும்மாதான் கெடக்குது. அங்க நடு, புங்கன் உப்பு மண்ணுலயும் வரும், நானே தண்ணி ஊத்தறேன்."

"அங்கே சிக்னல் இல்லையேம்மா! கம்பெனிக்குப் படம் எப்படி அனுப்புவேன்?" மறுபடி அழுதார்.

"கன்னு மேல அழாத சார்," என்றாள் பக்கத்தில் நின்ற மேரி. "உப்புத்தண்ணி. எலை கருகிடும்."

அவர் கண்ணை மூடிச் சொற்பொழிவைத் தொடங்கினார். இந்த வகை கண்ணை மூடினால் திறக்க ஒரு மணி நேரம். அதற்குள் பெண்கள் கன்றுகளை வேர்மண்ணோடு பெயர்த்து, மீன்கூடைகளில் சுமந்துபோய், உப்பு நிலத்தில் நட்டுத் தண்ணீரும் ஊற்றிவிட்டார்கள். அவர் கண் திறந்தபோது மணலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது.

"ஒரே ஒரு கன்றாவது கொடுங்கம்மா... படத்துக்கு!"

ஜமுனா ஒன்றைக் கொண்டுவந்தாள். "சீக்கிரம் எடுத்துட்டுக் குடு சார், வேர் காயுது. அப்டியே தள்ளி நில்லு. நெத்திலி மேல நெழல் உழுது."

சிரிக்கிறீர்களா? கையில் கன்றோடு நீங்கள் நிற்கும் படம் ஒன்று உங்கள் போனிலும் இருக்குமே, எடுத்துப் பாருங்கள். கன்றை விடுங்கள். உங்கள் நிழல் யாருடைய நெத்திலி மேல் விழுந்திருக்கிறது?