வீட்டுக்கு ஒருவர்

இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரின் பேருந்துகளை வெளியே அனுப்புகிறவன் நான். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கைத் தட்டி, "ஏழு நாற்பது வண்டி எடுக்கலாம்" என்று நான் சொன்னால்தான் ஏழு நாற்பது வண்டி எடுக்கும். நான் சொல்ல மறந்தால் மணி எட்டானாலும் அது ஏழு நாற்பதுதான். அப்பேர்ப்பட்டவனை ஒரு கிருமி வந்து வீட்டுக்குள் போட்டுப் பூட்டிவிட்டது.

ஊர் அடங்கியது. என் கால் அடங்கவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே டவுன் பஸ் போல ஓடிக்கொண்டிருந்தேன்.

"குறுக்க குறுக்க வராதீங்க" என்றாள் மனைவி.

"இது பஸ் ரூட்டும்மா."

"அப்ப நிக்காம போங்க. வெளிச்சத்தை மறைக்குது."

அவள் கிளை நூலகத்தில் நூலகர். நூலகத்தைப் பூட்டிய அன்று, தூக்கிப் போட்டால் தரை பெயரும் அளவுக்கு நாலு நாவல்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆனால் படிக்க நேரம் கிடைக்கவில்லை. துவைப்பது, நறுக்குவது, சமைப்பது என்று முதல் நாவலின் பதினேழாம் பக்கத்திலேயே பத்து நாளாகக் கதாநாயகி ரயிலுக்குக் காத்திருந்தாள். நானும்தான் காத்திருந்தேன், சாப்பாட்டுக்கு.

அந்த நிலையில் கெடுபிடி இன்னும் கூடியது. ஒரு வாரத்துக்குக் கடைத்தெரு காலை ஆறு முதல் ஒன்பது வரைதான். அதற்கும் நகராட்சியின் அனுமதிச் சீட்டு வேண்டும். திங்கட்கிழமை விடிந்ததும் நகராட்சி ஊழியர் வாசலில் வந்து நின்றார். நான் முகத்தில் சோப்பு நுரையோடு இருந்ததால், மனைவிதான் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தாள்.

மேஜைமேல் ஒரு சீட்டை வைத்தாள். ரோஸ் நிறம். ஏழு கட்டங்கள். தினமும் சந்தை வாசலில் ஒரு முத்திரை குத்துவார்களாம்.

"ஒரு நேரத்துல வீட்டுக்கு ஒருத்தர்தான் வெளிய போகணுமாம்" என்றாள். சொல்லிவிட்டுக் கூடையை எடுத்தாள். "நான் கிளம்பறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ ஏன் போற?"

"பின்ன? இருபத்திரண்டு வருஷமா நான்தானே காய் வாங்கறேன். உங்களுக்குக் கத்திரிக்காய்ல முத்தல் எது பிஞ்சு எதுன்னு தெரியுமா?"

"தெரியும். காம்பு இருக்கும்."

"எல்லாத்துக்கும் காம்பு இருக்கும்ங்க. போங்க, பேப்பர் படிங்க. கூட்டத்துல போய்த் தொத்திட்டு வந்தீங்கன்னா யார் பாக்கறது?"

"தொத்தினாலும் தொத்தட்டும், தோத்துட்டு வரமாட்டேன்! ஆம்பளை ஒருத்தன் வீட்ல இருக்கும்போது ஆபத்தான இடத்துக்குப் பொம்பளையை அனுப்பறதா?"

அவள் கூடையைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே தெருவை ஏக்கமாகப் பார்த்தாள். நீளமாகப் பெருமூச்சு விட்டு, "சரி, இன்னிக்கு ஒரு நாள்தான்" என்று கூடையை என் கையில் கொடுத்தாள்.

நான் தெருவில் இறங்கினேன். ஆகா! தெரு! அதன் நீளம்! மூடிக் கிடந்த கடைகளின் பெயர்ப் பலகைகளை எல்லாம் சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல் விசாரித்துக்கொண்டே போனேன். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். அதுவும் சுகமாக இருந்தது. முத்திரை குத்தினார்கள். அந்தச் சத்தம் கைதட்டல் மாதிரி கேட்டது.

வீட்டில் மனைவி கத்திரிக்காய் ஒன்றைப் பிளந்து காட்டினாள். உள்ளே ஒரு புழு குடும்பத்தோடு தனிமையில் இருந்தது.

"நாளைக்கு நானே போறேன்" என்றாள்.

விடுவேனா? செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்கு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். நான் கதவை மறித்தேன்.

"இங்க பாருங்க, வெளிய போயிட்டு வந்தவங்க துணியைத் தனியா ஊறவெச்சுத் துவைக்கணும். நான் போனா நான் துவைச்சுக்குவேன். நீங்க போனா?"

"நான் துவைப்பேன்!"

"உங்க ஒரு சட்டைக்காகத் தனியா ஒரு வாளி தண்ணியா? வீண்."

"வீட்டுத் துணி மொத்தத்தையும் சேத்துத் துவைக்கிறேன். போதுமா?"

அவள் செருப்பைக் கழற்றினாள். வாதத்தில் அவளை நான் மடக்கியது கல்யாணத்துக்குப் பிறகு அதுவே முதல் முறை. சீட்டை அப்படியே பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அன்று காய்க்காரம்மாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்: வெண்டைக்காயின் நுனி ஒடிய வேண்டும், கத்திரிக்காயில் ஓட்டை கூடாது, முட்டைக்கோஸ் கையில் கனக்க வேண்டும். திரும்பி வந்து இரண்டு வாளித் துணி துவைத்துக் காயப்போட்டேன். என் வெற்றிக்கொடிகள் மொட்டை மாடியில் பறந்தன. அதில் நாலு அவளுடைய புடவை.

புதன்கிழமை அவள் வேறு ஆயுதம் எடுத்தாள். வாங்கி வந்த காயை உப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, உலர்த்த வேண்டும், வெளிக்காற்று பட்ட கைதான் அதைச் செய்ய வேண்டும், இன்னொரு கை படக்கூடாது என்றாள். அதையும் ஏற்றேன். முத்திரை மூன்று.

வியாழக்கிழமை என் ராஜதந்திரத்தின் உச்சம். அவள் எழுவதற்குமுன் எழுந்து போய்விடுவது என்று முடிவு செய்தேன். ஐந்து மணிக்கு விழித்தால், பக்கத்தில் அவளும் புரண்டுகொண்டிருக்கிறாள்! எழுந்தால் கிளம்பிவிடுவாள். என்ன செய்வது? ஓடிப்போய்ப் பாலைக் காய்ச்சிக் காபி போட்டுக் கையில் கொடுத்தேன்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"நீ நிதானமா குடி. சூடா இருக்கு. ஊதி ஊதிக் குடி."

அவள் ஊதிக்கொண்டிருக்கும்போதே நான் தெருமுனை தாண்டிவிட்டேன். எதிரியைக் காபியால் கட்டிப்போட்ட முதல் தளபதி நானாகத்தான் இருப்பேன். இந்த உத்தியை மறுநாளும் அதற்கு மறுநாளும் கையாண்டேன். ஒருமுறைகூட அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. "இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். சர்க்கரையைக் கூட்டினேன். காபி இனித்தால் இன்னும் மெதுவாகக் குடிப்பாள் அல்லவா?

வெள்ளிக்கிழமை வரிசையில் எனக்கு முன்னால் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் நின்றார்.

"என்ன சார், தினமும் நீங்களே வர்றீங்க? வீட்ல வர்றதில்லையா?"

"துடிக்கிறா! நான் விட்டாத்தானே!"

"எங்க வீட்ல ஒரு நாள் நான், ஒரு நாள் அவ. மாத்தி மாத்தி வர்றோம்."

பாவம், மனுஷன் மின்சாரத்தைத் தொடுவார், மனைவியை எதிர்க்க மாட்டார் போலிருக்கிறது. அவர் தோளைத் தட்டி ஆறுதல் சொல்ல நினைத்தேன். ஆறடி இடைவெளி தடுத்தது.

சனிக்கிழமைக்குள் நான் சந்தையில் ஒரு பிரமுகர். எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கு முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பது எப்படி என்று வகுப்பெடுத்தேன். காய்க்காரம்மாவே, "அண்ணன் கைக்குத் தப்பி ஒரு சொத்தைகூடப் போகாது" என்று நாலு பேர் காதுபட நற்சான்று கொடுத்தார். நடை எனக்குத் தானாகவே மிடுக்கானது. வீட்டுக்கு வந்து அந்தச் செய்தியை மனைவியிடம் விவரித்தேன். நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்திருந்தவள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அவ்வளவு நல்லா தெரிஞ்சுபோச்சா! எனக்கு ஒண்ணுதாங்க கவலை. காயை நறுக்கறவங்களுக்குத்தான் நாளைக்கு எது எவ்வளவு வேணும்னு தெரியும். நறுக்கறது நான். அப்ப நாளைக்கு நான் போறதுதானே நியாயம்?"

பார்த்தீர்களா தந்திரத்தை! ஏழாவது முத்திரைக்குக் குறி வைக்கிறாள்! நான் ஒரு நொடி தாமதிக்கவில்லை. அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் என் முன் தலை சாய்ந்தன. விரலிலும் லேசாக ஒரு கீறல். போர்க்களம் என்றால் ரத்தம் இல்லாமலா?

"நறுக்கியாச்சு. இப்ப யார் போகணும்?"

"நீங்கதான்" என்றாள் தோற்றுப்போன குரலில். முகத்தைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது. அழட்டும் என்று விட்டுவிட்டு, அடுப்பில் குழம்பை நானே ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழாம் முத்திரை. சீட்டு நிறைந்தது. ஒரு கட்டம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது வெறிச்சோடிய தெருவில் என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அணிவகுப்பு மாதிரி இருந்தது. இந்த வீட்டில் இத்தனை வருடத்தில் நான் ஏழுக்கு ஏழு ஜெயித்த வாரம் வேறு கிடையாது.

திங்கட்கிழமை கெடுபிடி தளர்ந்தது. சீட்டைத் திரும்ப வாங்கிப்போக அதே நகராட்சி ஊழியர் வந்தார். இந்த முறை நானே வாசலுக்குப் போனேன். ஏழு முத்திரையும் தெரியும்படி விரித்துக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கையை மறுபடி நீட்டினார்.

"இன்னொண்ணு?"

"என்ன இன்னொண்ணு?"

"வீட்டுக்கு ரெண்டு சீட்டு சார். ஒருத்தருக்கு முடியலைன்னா இன்னொருத்தர் போகத்தான். அம்மாதான் எண்ணி, கையெழுத்துப் போட்டு வாங்கினாங்க."

"இதோ கொண்டு வர்றேங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மனைவி நாலாவது நாவலோடு வாசலுக்கு வந்தாள். கடைசிப் பக்கத்துக்கு நாலைந்து பக்கம் முன்னால், அடையாளத்துக்குச் செருகியிருந்த ரோஸ் நிறச் சீட்டை உருவிக் கொடுத்தாள். ஒரு மடிப்பில்லை, ஒரு முத்திரையில்லை. புத்தம் புதுசு.

ஊழியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஏழு நாள்ல நீங்க ஒரு நாள்கூட வெளிய போகலையா?"

"எங்கங்க போறது?" என்றாள் என் மனைவி, என்னை அன்பு ததும்பப் பார்த்தபடி. "இவர் விட்டாத்தானே!"