நாடாவுக்கு ஒரு பூட்டு

மனிதன் இதுவரை செய்த எல்லாப் பொருளிலும் ஒரே ஒரு குறைதான் உண்டு: அதை எங்கள் பிரிண்டர் அண்ணன் செய்யவில்லை. இது நான் சொல்வதல்ல, அவரே சொல்வது. யட்டியாந்தோட்டை பஸாரில் குடையைப் பார்த்தாலும் குக்கரைப் பார்த்தாலும், "யாரோ அவசரத்துல செஞ்சிருக்கான்" என்று உச்சுக்கொட்டுவார்.

வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாருக்கும் ஞாபகமில்லை. மேலே ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கி வந்து, நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் முதலாளி ஒருவரின் போட்டோகொப்பி கடையில் வேலை பார்த்தார். ஒருநாள் நானாவின் மருமகன் டுபாயிலிருந்து ஒரு த்ரீ-டி பிரிண்டரைக் கொண்டுவந்து இறக்கினார். பிளாஸ்டிக்கை உருக்கி, இழை இழையாக அடுக்கிச் சாமான் செய்கிற மெஷின். நானா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அண்ணனைக் கேட்டார்.

"இதுல ஐடென்டி காட் கொப்பி எடுக்க ஏலுமா மகன்?"

"ஏலாது நானா. ஐடென்டி காட் வைக்கிற பெட்டி செய்யலாம்."

"கொப்பி எடுக்க ஏலாத மெஷின் எனக்கு என்னத்துக்கு? நீயே வெச்சி வெளையாடு."

ஊருக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

நான் கெம்பஸ் முடித்து, வேலை கிடைக்காமல், கடை வைஃபைக்காக மட்டும் அங்கே குந்தியிருந்த காலம் அது. எதிரே கோகிலா அக்காவின் தையல் கடை. அண்ணன் உலகத்திலேயே குறை சொல்லாத ஒரே இடம். கோகிலா அக்கா நிமிர்ந்து பார்த்தால், இவர் உடனே குனிந்து பிரிண்டருக்குள் தலையை விட்டுவிடுவார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒருநாள் அங்கிருந்து சத்தம் வந்தது. "நான் துணி தைக்கிறேனா, நாடா தேடுறேனா? பாவாட நாடா உள்ள போயிருச்சுன்னு காலையில இருந்து நாலு பேரு."

அண்ணனின் கண் மின்னியது.

மறுநாள் அவர் ஆராய்ச்சிக்கு பஸ் ஸ்டேண்டுக்குப் போனார். கையில் ஒரு ஸ்கேல். "அக்கா, உங்க பாவாட நாடா ஓட்ட எத்தன மில்லிமீட்டர்?" முதல் அக்கா குடையால் பதில் சொன்னார். இரண்டாவது அக்கா சிங்களத்தில், "மல்லி, பிஸ்ஸுத?" என்று கேட்டுவிட்டு, பைத்தியம் தொற்றும் என்பதுபோல விலகி நின்றார்.

அப்படியும் வெர்ஷன் ஒன் பிறந்தது. நாடா நுனியில் மாட்டும், எலுமிச்சை அளவு உருண்டை. நாடா உள்ளே போகவில்லை, உண்மைதான். ஆனால் அதைக் கட்டியவர் இடுப்பில் தேசிக்காய் கடத்துகிறவர் மாதிரி இருந்தார்.

அடுத்தது வெர்ஷன் டூ. நாடாவையே பிடித்து நிறுத்தும் சின்னப் பூட்டு. இரண்டு பக்கமும் அழுத்தினால் திறக்கும். அண்ணன் அதைத் தன் டிராக் பொட்டம் காற்சட்டை நாடாவில் மாட்டிக்கொண்டு வெளியே போனார். வெயிலுக்கு இரண்டு செவ்விளநீர் குடித்தார். திரும்பும்போது கொட்டியது மழை. யட்டியாந்தோட்டையில் பிறந்து வளர்ந்தவர், கணக்கில் மழையை மறந்துவிட்டார். நனைந்த நாடா ஊதிப்போய்ப் பூட்டுக்குள் இறுகிக்கொண்டது.

"என்னண்ணே, ஆடுறீங்க?"

"தெறக்க மாட்டேங்குது தம்பி."

"எது?"

"வெர்ஷன் டூ."

நான் இழுத்தேன். நானா இழுத்தார். பிறகு நானா பேப்பர் வெட்டும் பிளேடைக் கையில் எடுத்தார். அதைப் பார்த்ததும் அண்ணன் ஒரே பாய்ச்சலில் ரோட்டைக் கடந்துவிட்டார்.

தீபாவளி நேரம். தையல் கடை நிறையப் பொம்பளைகள். குடை அக்காவும் இருந்தார். "இந்த ஆளுதான், இந்த ஆளுதான்" என்று அவர் எழும்ப, கோகிலா அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கத்தரிக்கோலால் நாடாவில் ஒரே வெட்டு.

"போங்க."

அவர் அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை அது. அண்ணன் இரண்டு கையாலும் மானத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் கடைக்குப் பின்னால் இருந்த கக்கூஸுக்கு ஓடினார்.

அதற்குப் பிறகு ரோட்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். பிரிண்டரைத் துணி போட்டு மூடினார். கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போகிறேன் என்றார்.

"எதுக்குண்ணே?"

"எந்த மூஞ்சிய வெச்சிகிட்டு இனி அந்தப் பக்கம் பாக்குறது?"

கிண்டல் பண்ண வாயெடுத்தவன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபோனைப் பார்த்தேன்.

துணிப்பை கட்டியாகிவிட்டது. மறுநாள் பஸ். அப்போதுதான் கோகிலா அக்கா ரோட்டைக் கடந்து வந்தார். அன்று நாடாவோடு வெட்டி எடுத்த பூட்டைக் கவுன்டரில் வைத்தார்.

"இந்தப் பூட்ட யாரு கேட்டா?"

அண்ணன் துணிப்பை முடிச்சை இறுக்கினார்.

"ஊர்ல உள்ளவங்ககிட்ட எல்லாம் அளவு கேட்டீங்களாம். அடியும் வாங்குனீங்களாம். நாள் பூரா நாடா கோக்கிறவ நேரெதுர்ல குந்தி இருக்கேன். எங்கிட்ட ஏன் கேக்கல?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "நல்லா செஞ்சிட்டு காட்டலாம்னு இருந்தேங்க."

கோகிலா அக்கா பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கழுத்தில் கிடந்த டேப்பை இழுத்தெடுத்தார்.

"பூட்டு வேணாம். நாடா நுனிக்குப் பாசிமணி மாதிரி ஒரு சின்ன மணி போதும். ஓட்டையவிடக் கொஞ்சம் பெருசு. குந்துனா குத்தக்கூடாது, கழுவுனா கழரக்கூடாது. செய்ய ஏலுமா?"

"ஏலும்."

"அப்ப அந்தத் துணிய எடுங்க மொதல்ல."

அண்ணன் பிரிண்டர் மேலிருந்த துணியை எடுத்தார். என் பக்கம் திரும்பாமலே, "தம்பி, மூணு பிளேன்டீ" என்றார்.

நான் டீயோடு வந்தபோது மணி பச்சையா நீலமா என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. வாசலில் நின்று மூன்று டீயையும் நானே குடித்தேன். வாய் வரைக்கும் வந்த கேலியையெல்லாம் டீயோடு விழுங்கிவிட்டேன். மனுசன் சிரித்தால் அவ்வளவு அழகாக இருப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது.