வருகிற ஞாயிறு என்பது எந்த ஞாயிறு?

14.7.2024
ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 9.10

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். தங்கள் கடிதம் 11.7.2024 வியாழக்கிழமை பிற்பகல் வரப்பெற்றேன். அதில் தேதி இல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் அமர்ந்து, உள்ளே வரும் ஒவ்வொரு தாளின் நெற்றியிலும் தேதி முத்திரை குத்தியவன் நான். தேதியில்லாக் கடிதம் என்பது எனக்குத் தலையில்லா மனிதர் வந்து கதவைத் தட்டுவது போன்றது. ஆயினும் தாங்கள் சம்பந்தி. ஆகவே உள்ளே அழைத்து, உட்கார வைத்துப் படித்தேன். இதையெல்லாம் தொலைபேசியில் பேசிக்கொண்டால் ஆகாதா என்று தாங்கள் கேட்பதும், போனில் பேசிய பேச்சுக்கு எந்த மூலையில் தேதி இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பதும் நமக்குள் உள்ள பழைய வழக்கு. அதை இப்போது எடுக்க வேண்டாம்.

தாங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: தங்கள் மகளின் பட்டறையால் என் வீட்டில் நேரும் தொல்லைகளைத் தாங்கள் அறிவீர்கள், ஏழு மாதமாக நான் கடிதமே எழுதாததிலிருந்து என் கோபம் முற்றிவிட்டது என்றும் புரிந்துகொண்டீர்கள், ஆகவே தங்கள் வீட்டுக் கார் கொட்டகையைக் காலி செய்துவிட்டீர்கள், "வருகிற ஞாயிறு" லாரியோடு வந்து பட்டறை முழுவதையும் ஏற்றிக்கொண்டு போவீர்கள், மருமகள் இனி தினமும் பேருந்தில் அங்கே வந்து வேலை பார்ப்பாள். தங்கள் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் வருகிற ஞாயிறு என்றால் எந்த ஞாயிறு? இன்றைய தினத்தைத் தாங்கள் கருதியிருந்தால் "இந்த ஞாயிறு" என்றல்லவா எழுதியிருப்பீர்கள்? இதே வாரத்தின் முடிவில் நிற்கும் ஞாயிற்றை யாரும் "வருகிற" என்று அடைமொழி கொடுத்து அழைப்பதில்லை. எனவே தாங்கள் குறிப்பிடுவது 21.7.2024 என்று தீர்மானித்தேன். என் மனைவி, "வர்ற ஞாயிறுன்னா வர்ற ஞாயிறுதானேங்க? இதுல என்ன ஆராய்ச்சி?" என்றாள். தேதி விஷயத்தில் நான் ஒருபோதும் பிழை செய்ததில்லை என்பது தாங்கள் அறிந்ததே. இக்கடிதத்தை நாளை தபாலில் சேர்த்தால் 17 ஆம் தேதி புதனன்று தங்கள் கைக்குக் கிடைக்கும். லாரிக்காரரிடம் சொல்லி நிறுத்துவதற்குத் தாராளமாக அவகாசம் இருக்கிறது.

ஆம், நிறுத்தத்தான் சொல்கிறேன். இக்கடிதத்தின் நோக்கமே அதுதான். லாரி வேண்டாம். பட்டறை இங்கேயே இருக்கட்டும். காரணங்களை முறைப்படி ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி; பொறுத்தருள வேண்டும்.

5.3.2023 அன்று மருமகள், தான் வேலை பார்த்த மேசை நாற்காலிக் கம்பெனியை விட்டு வந்து, "மாமா, முன் ரூம மூணு மாசம் மட்டும் குடுங்க, போதும். குப்பைக்குப் போற சாமானெல்லாம் போற வழியில ஒரு தடவ நம்ம வீட்டுக்கும் வந்துட்டுப் போகட்டும்" என்றாள். வந்தன. போகத்தான் இல்லை. உடைந்த கட்டில், கதவு, ஜன்னல் சட்டம், அட்டைப்பெட்டி, துணிமூட்டை என்று முன் அறை நிரம்பி, கூடத்துக்கு வழிந்து, என் சாய்வு நாற்காலியை ஒரு மூலைக்குத் தள்ளியது. 22.4.2023 அன்று அலமாரியைத் திறந்தால் என் அலுவலகச் சட்டைகளைக் காணவில்லை. "பழசுதானேன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள் மனைவி. அவை கூடத்தில் இருந்தன, குஷன் உறைகளாக. பொத்தான், பை, காலர் மடிப்பு எல்லாம் அப்படியே. யாராவது வந்து சாய்ந்து உட்கார்ந்தால் என் நெஞ்சின் மேலேயே சாய்வது போல எனக்கு மூச்சு முட்டியது. ஒன்றின் பையில் என் பேனா கூட இருந்தது. (அன்று முதல் மூக்குக்கண்ணாடியையும் அதே பையில்தான் வைக்கிறேன் என்பதையும் பதிவு செய்கிறேன். தேடுகிற வேலை மிச்சம்.) அடுத்து வெங்காயத் தோல். துணிக்கு ரசாயனச் சாயம் ஆகாது என்று வெங்காயத் தோலை வேகவைத்து, சாயம் பிடிப்பதற்காக நான் சவரத்துக்கு வைத்திருந்த படிகாரத்தையும் எடுத்துப் போட்டு, வாளியில் ஆற வைத்திருக்கிறாள். என் மனைவி அதைத் துவைக்கிற தண்ணீர் என்று நினைத்து என் வெள்ளை பனியன்களை முக்கிவிட்டாள். அத்தனையும் பொன்னிறமாக எழுந்து வந்தன. என் மகன், "இத்தன வருஷத்துல அப்பா இப்பதான் ஜொலிக்கிறாரு" என்றான்.

17.6.2023 சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் வீட்டின் மேசை நாற்காலிகளையெல்லாம் நான் ஈரத்துணியால் துடைப்பது தாங்கள் அறிந்த வழக்கம். அட்டைகளை அடுக்கி அழுத்தி மருமகள் செய்திருந்த முக்காலியையும் துடைத்தேன். அழுக்கு போகவில்லை என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். அதன்மேல் யானையே ஏறி நிற்கலாம் என்று அவள் சொல்லியிருந்தாள்; குளித்துவிட்டு வந்த யானை ஏறக் கூடாது என்று சொல்லவில்லை. திங்களன்று மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் அதன்மேல் ஏறினார். அது உடையவில்லை. உடைந்திருந்தால் ஒரு கௌரவமாவது இருந்திருக்கும். மெல்ல, மிக மெல்ல இறங்கியது. அவரும் கடமை தவறாதவர். எண்களை உரக்கப் படித்துக்கொண்டே இறங்கினார். கடைசி இரண்டு இலக்கங்கள் அவர் கண்ணுக்கு எட்டவில்லை. "சார், மீதிய நீங்களே பாத்துச் சொல்லிடுங்க" என்று தரையிலிருந்து கேட்டுக்கொண்டார்.

பிறகு 2.12.2023. தங்கள் வீட்டில் கழற்றிப் போட்ட பழைய ஜன்னலை வைத்து மருமகள் செய்த நாற்காலி. ஆணி கிடையாது, பசை கிடையாது. மரத்தோடு மரத்தைக் கோத்து, அடியில் ஓர் ஆப்பு. பழுதானால் ஆப்பை உருவிவிட்டுக் கெட்ட காலை மட்டும் மாற்றிக்கொள்ளலாமாம், முழு நாற்காலியையும் தூக்கியெறிய வேண்டாமாம். இந்த ஞானம் எனக்குப் பிற்பாடு வந்தது. அன்றும் சனிக்கிழமை. துடைக்கும்போது விரல் நீளத்துக்கு ஒரு கட்டை துருத்திக்கொண்டு நின்றது. கவனக்குறைவான வேலை என்று எண்ணி அதை உருவி, மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்தினேன். மாலையில் என் மகன் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் நிற்காமல் தரைவரைக்கும் போனான். நாற்காலி ஒரு கீறல் கூட இல்லாமல் நாலாபக்கமும் அழகாகப் பிரிந்து படுத்துக்கொண்டது. "ஆப்பப் புடுங்கின கதைய மூணாங் கிளாஸ்லயே படிச்சோம்ப்பா. அதுல புடுங்கினவன் மாட்டினான். நம்ம வீட்டுலதான் உக்காந்தவன் மாட்டறான்" என்றான். மருமகளோ அவனைத் தூக்கிவிடாமல், "பாத்தீங்களா மாமா, எவ்வளவு சுலபமாக் கழலுது!" என்று பூரித்துப் போனாள்.

இவற்றையெல்லாம் 24.4.2023, 20.6.2023, 4.12.2023 தேதியிட்ட மூன்று கடிதங்களில் தங்களுக்கு எழுதினேன். தாங்கள் அவற்றைப் புகார்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அவை தகவல்கள். கடைசிக் கடிதத்தில் "இந்தப் பட்டறை என்றைக்கு ஒழியுமோ?" என்று முடித்திருந்ததும் புகார் அன்று, தேதி கேட்டேன், அவ்வளவுதான். அதன்பின் நான் எழுதாமல் போனதற்குக் காரணம் கோபமில்லை, சம்பந்தி அவர்களே. நேரமில்லை. எனக்கு நேரமில்லாமல் போன கதையைச் சொன்னால்தான் லாரி ஏன் வேண்டாம் என்பது தங்களுக்கு விளங்கும்.

வீட்டுக்கு வாங்கும் எந்தப் பொருளானாலும், அதன் அடியில் மெல்லிய தூரிகையால் வெள்ளைப் பெயின்ட்டில் வாங்கிய தேதியை எழுதிவைப்பது என் பழக்கம். இதனால் வீட்டில் எனக்குக் "காலண்டர்" என்று பெயர். (மகன் பிறந்தபோது குழந்தையின் உள்ளங்காலைத் தூரிகையும் கையுமாக நான் திருப்பிப் பார்த்ததாக என் மனைவி சொல்லித் திரிவது கட்டுக்கதை.) 10.1.2024 அன்று, சிறிய தங்கும் விடுதி ஒன்றை நடத்தும் ஓர் அம்மையார் சாமான் பார்க்க வந்தார். எங்கள் பழைய சமையலறை அலமாரியின் பலகையில் மருமகள் செய்திருந்த பெஞ்சை, விலைச்சீட்டைத் தேடித் தலைகீழாகத் திருப்பினார். "என்னம்மா இது? வெல போட்டிருக்கும்னு திருப்பினா வயசு போட்டிருக்கு!" என்றார். "ஐயோ, அது எங்க மாமா எழுதினதுங்க. இருங்க, தேச்சு எடுத்துடறேன்" என்று மருமகள் உப்புத்தாளை எடுத்தாள். "தேய்க்காதம்மா!" என்று இரண்டு குரல் ஒரே நேரத்தில் கேட்டது. ஒன்று அந்த அம்மையாருடையது. மற்றது என்னுடையது, உள்ளறையிலிருந்து எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

வந்தவன் சொல்ல ஆரம்பித்தேன். 12.8.1984, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, கடைக்காரர் அரைக்கதவைத்தான் திறந்திருந்தார், கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வருகையில் பாதி வழியில் மழை, அன்று ஊறிய வலது கதவு கடைசிவரை ஒழுங்காக மூடவேயில்லை, அதை மூட முழங்கையால் ஒரு இடி இடிக்க வேண்டும், அந்த இடி என் மனைவிக்கு மட்டும்தான் கைவரும். அம்மையார் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து கேட்டார். "எனக்கு வேணுங்கற பெஞ்சு எல்லாத்துக்கும் அடியில இவரு கையாலதான் எழுதிக் குடுக்கணும். எங்க ரூமுக்கு வர்றவங்க திருப்பித் திருப்பிப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முதல் இந்தப் பட்டறையில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு, வேலை உண்டு. பழைய சாமானைக் கொண்டு வருகிறவர்கள் முதலில் என் எதிரில் உட்கார வேண்டும். எப்போது வாங்கியது என்று கேட்பேன். "அது இருக்கும் சார், ஒரு பத்து இருபது வருஷம்" என்பார்கள். பத்தா, இருபதா? மழைக்காலமா, வெயில்காலமா? அப்போது எந்த வீட்டில் குடியிருந்தீர்கள்? யார் தூக்கி வந்தது? விட மாட்டேன். கொஞ்ச நேரம் என்மேல் எரிச்சல்படுவார்கள். அப்புறம் முகம் மாறி, தாங்களே தொலைத்துவிட்ட ஒரு பிற்பகலைக் கண்டெடுத்துக் கொடுப்பார்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. அவருடைய சாப்பாட்டு மேசையை இரண்டு அலமாரித் தட்டுகளாக மாற்ற வேண்டும். "வருஷமெல்லாம் ஞாபகமில்லைங்க. அது அவரு எங்கிட்டப் பேசாம இருந்த வருஷம்" என்றார். அப்படி ஒரு வருஷம் கிடையாது என்று நான் வாதாடினேன். மருமகள் என் காதருகே குனிந்து, "மாமா, அவங்க சொன்னதையே எழுதுங்க" என்றாள். வாழ்க்கையில் முதல் முறையாக, எண்ணே இல்லாத ஒரு தேதியை எழுதினேன்: "பேசாமல் இருந்த வருஷம்." வாங்க வந்த அன்று அந்த அம்மா தட்டைத் திருப்பிப் படித்தார். "அவரு இப்ப இருந்து இதப் படிச்சாருன்னா, இன்னும் ஒரு வருஷம் பேசமாட்டாரு" என்று சிரித்தார். சிரித்து முடித்தும் தட்டைக் கீழே வைக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டே போனார்.

30.4.2009 அன்று நான் ஓய்வு பெற்றேன். அன்றிலிருந்து 10.1.2024 வரை என்னிடம் ஒரு ஜீவன்கூடத் தேதி கேட்டதில்லை. எல்லோர் பையிலும் போன் இருக்கிறது, அதில் தேதி இருக்கிறது, நான் எதற்கு? இப்போது காலை பத்து மணி ஆனால், "மாமா, வாங்க, உங்களுக்கு ஆள் காத்துட்டிருக்கு" என்று முன் அறையிலிருந்து மருமகள் கூப்பிடுகிறாள். நான் பொன்னிற பனியன்மேல் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுகிறேன். "அப்பாவையும் ஆணியில்லாம கோத்துட்டா பாரு" என்று மகன் கேலி செய்கிறான். எனக்கு மறுப்பில்லை. பெண்ணைப் பெற்று வளர்த்துத் தந்தமைக்கு நன்றி என்று திருமணத்தன்று மேடையில் நின்று தங்களிடம் சொன்னேனே, அது மரியாதைக்குச் சொன்னது. இன்று சொல்வது மனதாரச் சொல்வது. தாங்கள் லாரியில் ஏற்ற நினைப்பது பட்டறையை மட்டுமென்று தாங்கள் நினைக்கிறீர்கள். அதில் நானும் இருக்கிறேன். பேருந்தில் ஒரு மணி நேரம் வந்து போக என் இடது முழங்கால் இடம் தராது. தயை கூர்ந்து வர வேண்டாம்.

ஒரே ஒரு குறை. தங்கள் ஜன்னலில் செய்த நாற்காலிக்கு மட்டும் இன்னும் தேதி எழுதவில்லை. அந்த ஜன்னல் எப்போது வாங்கியது என்று கேட்டதற்கு, "ரொம்ப நாளாச்சு சம்பந்தி" என்று சொல்லிவிட்டீர்கள். ரொம்ப நாள் என்று எந்தக் காலண்டரிலும் ஒரு நாள் இல்லை. சரியான தேதியை மறு தபாலில் தெரிவிக்கவும். அக்கடிதத்திலாவது கடிதத்தின் தேதியும் இருக்கட்டும்.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் இருவரின் வணக்கம். வீட்டில் இளையவர்களுக்கு என் ஆசிகள். தாங்கள் நீண்ட காலம், நாள் கிழமை மறவாமல், நலமோடு வாழ வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன், இந்த வீட்டில் பசையே கிடையாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்நேரம் வாசலில் ஹாரன். என் மனைவி உள்ளே வந்து, "வர்ற ஞாயிறு வந்துடுச்சுங்க, லாரியோட" என்றாள். எனவே, தேதி விஷயத்தில் நான் பிழை செய்ததில்லை என்ற வரியை நீக்கிப் படிக்கவும். லாரி வேண்டாம் என்ற வரிகளையும் நீக்கவும். விடுதி அம்மையாரின் பெஞ்சுகளை அனுப்ப வண்டி கிடைக்காமல் தவித்த தங்கள் மகள், தங்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே ஓட்டுநரைப் பிடித்துவிட்டாள். "அப்பா, கரெக்டா வந்தீங்க!" என்று அவள் சொல்வது இங்கே கேட்கிறது. எதற்காக வந்தீர்கள் என்று தாங்கள் வாயைத் திறப்பதற்குள் இதை என் மனைவியிடம் கொடுத்தனுப்புகிறேன். நேரில் சொல்ல எனக்கு வராது. படித்து முடிக்கும்வரை பெஞ்சுகளைத் தவிர வேறு எதையும் ஏற்ற விடாதீர்கள். முடித்ததும், அமர்ந்திருக்கும் நாற்காலியை விட்டு ஒரு நிமிடம் எழுந்திருக்கவும். அது தங்கள் ஜன்னல்தான். அஞ்ச வேண்டாம், ஆப்பு அதனிடத்தில் இருக்கிறது. பெயின்ட்டும் தூரிகையுமாகக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். ஜன்னல் வாங்கிய தேதி இனித் தேவைப்படாது. "சம்பந்தி லாரியோடு வந்த ஞாயிறு" என்று எழுதிக்கொள்கிறேன்.