வரிசையின் கடைசி இடத்துக்கு நடந்த போர்

வாழ்க, வாழ்க, இறையியல் கல்லூரி ஈன்றெடுத்த இளஞ்சிங்கம். எபிரேயப் படையை எழுத்தெழுத்தாய் வென்று, கிரேக்க மதிலைத் தட்டுத்தடுமாறி ஏறிக் குதித்து, தேர்வாளர் எய்த வினாக்கணைகளை நெஞ்சிலும் சில வேளை முதுகிலும் தாங்கி, ‘அழைப்புக்குத் தகுதியானவர்’ என்று பட்டயம் பெற்ற பின்னும், அழைக்க ஒரு சபை இல்லாமையால் முடிசூடாத இளவரசனாய் அலைந்த பிரெஸ்பிட்டீரியன் பெருவீரன் வாழ்க. அவ்வீரன் நான்தான் என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். வாழ்த்துப் பாட வேறு ஆள் கிடைக்கவில்லை. ஆயினும் காவியத்தின் கௌரவம் கருதி, இனி அவனை யாரோ ஒருவன் போலவே பார்ப்போம்.

அவன் பிறந்த சபைப்பிரிவின் சட்டம் கடுமையானது. பேராயர் ஒருவர் விரல் நீட்டி, அந்த ஊருக்குப் போ என்று அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. சபையே தேட வேண்டும், சபையே கேட்க வேண்டும், சபையே அழைக்க வேண்டும். அழைத்தால்தான் அபிஷேகம், அபிஷேகமானால்தான் போதகர். வீரன் முப்பத்தொரு சபைகளுக்கு விண்ணப்பம் விடுத்தான். முப்பது சபைகள் ஒரே குரலில் முழங்கின: ஐந்தாண்டு அனுபவம் உள்ளவரையே நாடுகிறோம். முதல் வேலைக்கு வேண்டிய அனுபவம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அறியாத அவன், மாமனார் வீட்டுப் பின்னறையில், தையல் இயந்திரத்துக்கும் ஓடாத குளிர்பெட்டிக்கும் நடுவே, மனையாளோடு இரண்டாண்டு வனவாசம் செய்தான். “மாப்பிள்ளை, லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா?” என்று காலைதோறும் மாமனார் எய்த அம்பு, அன்பாக எய்யப்பட்டதாலேயே ஆழமாகத் தைத்தது.

முப்பத்தொன்றாம் சபை அழைத்துப் பார்க்க முன்வந்தது. அங்கே ஞாயிறு காலையில் இரண்டு ஆராதனைகள். ஆகவே போதகர் தேடும் குழுவின் ஒன்பதின்மர் கூடி, ஆராதனைக்கு ஒருவராக இரண்டு புதியவர்களை ஒரே நாளில் வரவழைத்து, இருவருக்கும் பிரசங்கத்துக்கு ஒரே பொருளைக் கொடுத்தனர்: தாழ்மை. பிறகு சபையாரோடு மதிய உணவு.

“ஏங்க, அந்தப் போதகர் வீட்டுக்குத் தனி வாசல் இருக்காம்,” என்றாள் மனைவி, பேருந்தில் அவன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி. “சாவி நம்ம கையில இருக்கும். கதவை உள்ள சாத்திக்கிட்டு ஒரு நாள் முழுக்கச் சும்மா உக்காந்திருக்கணும், அவ்வளவுதான் எனக்கு.”

அந்தச் சாவியை மனத்தில் ஏந்தியே களம் புகுந்தான் வீரன். எதிரியோ பளிங்கென மின்னும் காலணியன், சீவிய தலையில் ஒரு மயிரும் பிசகாத செம்மல், இவனைவிட இரண்டு மாதம் இளையவன். தாழ்மையைப் பற்றி யார் உயர்வாக முழங்குவது என்று இருவரும் முட்டி மோதியதில் பிரசங்கப் போர் சமநிலையில் முடிந்தது. ஆனால் கல்லூரி விடுதியில் தலைமுறை தலைமுறையாகக் காதோடு காதாய்க் கடத்தப்பட்ட உளவுச் செய்தி ஒன்று உண்டு: “கமிட்டி பிரசங்கத்துக்கு மார்க் போடாதுடா. சாப்பாட்டு வரிசையில எவன் கடைசியா நிக்கிறான்னு பார்த்துத்தான் போடும்.” வீரன் அதைக் கேட்டிருந்தான். ஐயகோ, அதே விடுதியில் தங்கிய எதிரியும் கேட்டிருந்தான்.

தட்டேந்திய எண்பது பேரின் வால்நுனியில் இருவரும் சந்தித்தனர்.

“நீங்க முன்னாடி போங்க பிரதர்.”

“சேச்சே, பெரியவங்க நீங்க போங்க பிரதர்.”

“ரெண்டு மாசம் ஒரு வித்தியாசமா பிரதர்? போங்க.”

எதிரி குனிந்து அவிழாத காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான்; வீரன் அடிக்காத கைப்பேசியைக் காதில் வைத்துப் பின்வாங்கினான். எதிரி ஊன்றுகோல் முதியவரை முன்னே விட்டான். வீரன் இரட்டைக் குழந்தைகளோடு நின்ற தாயை முன்னே விட்டு இரண்டு தலை கூடுதலாகச் சேர்த்தான். இவ்வாறு யானைப்படை சரிவதுபோல் ஓரடி ஓரடியாய்ப் பின்சென்று, கூடத்தின் வாசலைக் கடந்து, படிகளில் இறங்கி, வண்டிகள் நிற்கும் திடலின் கொதிக்கும் தார்த்தரையில் இருவரும் போரிடும் வேளை, தாமதமாக வந்த ஒரு குடும்பம் ஒன்றுமறியாமல் அவர்கள் பின்னால் நின்றது. கடைசி இடம் பறிபோன அக்கணம் பகைவர் இருவரும் ஒன்றுபட்டனர்; கும்பிட்டுக் கெஞ்சி அக்குடும்பத்தை முன்னே தள்ளிவிட்டு மறுபடி பகைவராயினர்.

வாசலில் மனைவியின் முகம் தெரிந்தது. “ஏங்க, கோழி தீரப் போகுது. வாங்களேன்.”

அவளுக்குப் பின்னே, அண்டாக்களின் அதிபதியும் கரண்டிக் கோலோச்சுபவளுமான சமையல் அக்கா எழுந்தருளினாள். “எப்பா தம்பிங்களா, அண்டா கழுவணும். உங்க அடக்கம் முடியற வரைக்கும் என்னால நிக்க முடியாது. கால் வலிக்குது.”

எதிரியின் தோள்கள் தொய்ந்தன. “பிரதர், பயத்துல காலையில இருந்து ஒரு வாய் இறங்கல. கடைசி இடத்தை நீங்களே வச்சுக்கங்க. எனக்குப் பசிக்குது.” உள்ளே போய் அக்காவிடமும் அவன் அதையே சொன்னான். அவள் சிரித்த சிரிப்பில் கூடமே திரும்பியது; கடைசிக் கோழிக்கால் அவன் தட்டில் விழுந்தது. குழுத் தலைவரான மூத்த மூப்பர் தம் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “இங்க வா தம்பி. நான் முதல் தடவை ஜெபம் பண்ண எழுந்தப்ப ஆமென் மட்டும்தான் வந்துச்சு. முன்னாடி ஒண்ணும் வரல.” ஒன்பதின்மரும் தத்தம் முதல் பயத்தைச் சொல்லத் தொடங்கினர். மனைவி அதைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தன் தட்டைப் பார்த்தாள்.

வீரனோ ஒன்றும் பாரான். முன்னே எவருமில்லை, பின்னே எவருமில்லை, பக்கத்திலும் எவருமில்லை என்னும்படி ஒப்பாரும் மிக்காருமின்றிக் கடைசியாய் நின்று, பகைவன் விட்டோடிய களத்தை ஒற்றைத் தட்டோடு ஆண்டு, காலி அண்டாவின் அடியில் கரண்டி எழுப்பிய ஓசையையே வெற்றி முரசமாய்க் கேட்டு, தாழ்மையில் தன்னை வெல்ல இத்தரணியில் யாருளர் என்று தலைநிமிர்ந்து, குழுவினர் கண்களைத் தேடித் திரும்பி, ஒன்பது முதுகுகளைக் கண்டு, அவையும் தன் மகிமை தாளாமல் திரும்பிய முதுகுகளே என்று மகிழ்ந்து நின்றான் எங்கள் பெருவீரன்.

மறுநாள் காலை குழுவினர் போன் செய்து, வேலையை அந்த இன்னொருவருக்கே கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.