நெசமாவா அண்ணனும் ஃபிரிட்ஜ் விளக்கும்

உலகத்தில் ஃபிரிட்ஜைச் சந்தேகத்தின் பேரில் விசாரித்த ஒரே மனிதர் எங்கள் நெசமாவா அண்ணன்தான். இதை நான் எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன். போலீஸ்காரர்கள் மனிதர்களைச் சந்தேகப்படுவார்கள். மனைவிமார் கணவன்மாரைச் சந்தேகப்படுவார்கள். அண்ணன் அந்த மாதிரிச் சில்லறைச் சந்தேகமெல்லாம் படமாட்டார். லிப்ட், ஏர்கோன், டிராபிக் லைட், கண்ணாடி கிளாஸ் என்று தொடங்கி பினாங்கு ஃபெரி வரைக்கும் அவருடைய பட்டியலில் இருந்தன.

ஜார்ஜ்டவுனில் துறைமுகத்தை ஒட்டிய தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் நான் கிளார்க்காக இருந்தேன். அண்ணன் அங்கே டெஸ்பேட்ச். அதாவது மோட்டார் சைக்கிளில் சரக்குக் காகிதங்களை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் அலைகிறவர். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு டார்ச் லைட். சம்பளச் சீட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "நெசமாவா?" என்பார். அடுத்து, "நீ பாத்தியா?" என்பார். "இன்னிக்கு மழ வரும்ணே" என்று சொல்வதற்குக்கூட எங்களுக்கு ஒரு வக்கீல் தேவைப்பட்டார்.

அவருடைய விசாரணையை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது கீழே இருந்த பாய் கடையில். அண்ணன் சிராப் ஐஸ் சொன்னார். ரோஸ் சர்பத் செக்கச்செவேலென்று வந்தது. ஐந்து நிமிடத்தில் கிளாஸைச் சுற்றி மேசையில் தண்ணீர் வட்டம் கட்டிவிட்டது. அண்ணன் கையைத் தூக்கினார்.

"பாய், ஒங்க கிளாஸு ஒழுவுது."

"ஒழுவல லா அண்ணே. ஐஸ் போட்டா கிளாஸுக்கு வேர்க்கும்."

"நெசமாவா? வேர்க்கறதுக்கு அதென்ன மூட்டையா தூக்குச்சி?"

பாய் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் ஒரு டிஷ்யூவை எடுத்துக் கிளாஸின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். "தம்பி, இங்க பாரு. உள்ள செவப்பு. டிஷ்யூல செவப்பு இல்ல. ஒழுகியிருந்தா செவப்பாத்தான வரணும்? இது வெளியருந்து வந்த தண்ணி." காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த கிளாஸில் பட்டுத் தண்ணீராகிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியவன். ஆனால் ஒரு தடவைகூடத் துடைத்துப் பார்த்ததில்லை. அண்ணன் பாயிடம் போய், "ஒங்க கிளாஸு நல்ல கிளாஸு" என்று நற்சான்று கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

ஃபெரி கதை இன்னும் மோசம். கடலுக்கு அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில்தான் வருவார். ஒருநாள் ஆபீஸுக்குள் நுழைந்ததும் நேராகப் பேன்ட்ரிக்குப் போய், தொட்டியில் தண்ணீரை நிரப்பினார். கரண்டியைப் போட்டார், மூழ்கியது. காலிப் பால் டின்னைப் போட்டார், மிதந்தது. டின்னைக் காலால் மிதித்துத் தட்டையாக்கி மறுபடி போட்டார், பொடக்கென்று அடிக்குப் போனது. சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் ஓடிவந்து நின்றோம்.

"அதே டின்னு, அதே எட. மொதல்ல மெதந்துச்சி, இப்ப முழுவிருச்சி. அப்ப இரும்பு மெதக்கல, உள்ள இருக்கற வெத்து எடந்தான் மெதக்குது. இத்தன வருஷமா வெத்து எடத்து மேலயா ஒக்காந்து வந்தேன்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சாலையைக் கடக்கிற இடத்தில் கம்பத்தில் ஒரு பொத்தான் இருக்குமே, அது வேலை செய்கிறதா என்று பார்க்க நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் நின்று அமுக்கி, அமுக்காமல் விட்டு, நேரம் குறித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு போலீஸ்காரர் வந்து அடையாள அட்டை, அதாவது ஐ.சி. கேட்டார். அண்ணன் ஐ.சி.யைக் கொடுத்துவிட்டு, "இந்தப் பொத்தான்ல நெசமாவே வயர் இருக்கா சார்?" என்று கேட்டாராம். போலீஸ்காரரும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனாராம். இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் நான் கொஞ்சம் சந்தேகப்படுகிறேன்.

இனி ஃபிரிட்ஜ்.

எங்கள் பேன்ட்ரி ஃபிரிட்ஜில் ஒரு திருடன் புகுந்த காலம் அது. எங்கள் மேனேஜர் மேடம் புதன், வியாழன் இரண்டு நாளும் மட்டன் பிரட்டல் கொண்டுவருவார். அவர் கணவர் சமைப்பது. டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஆபீஸ் முழுக்க வாசனை நடந்து போகும். அந்த டப்பாவில் ஒவ்வொரு தடவையும் இரண்டு துண்டு, மூன்று துண்டு குறைய ஆரம்பித்தது. மேடம் எண்ணி வைக்க ஆரம்பித்தார். அதற்கப்புறமும் குறைந்தது.

ஆபீஸில் ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்த்தோம். யாராவது பல் குத்தினால் போதும், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சந்தேகம் விழாத ஒரே ஆள் நான்தான். ஏனென்றால் நான் மாலை போட்டிருந்தேன். ஐந்தாவது தடவையில் எனக்குக் கார் லைசன்ஸ் கிடைத்ததற்காக, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலில் பால்குடம் எடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டிருந்தார். நாற்பத்தெட்டு நாள் விரதம், சைவச் சாப்பாடு, கழுத்தில் உருத்திராட்ச மாலை. மேடமே என்னை "சாமி" என்றுதான் கூப்பிட்டார்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திருடன் நான்தான். பதினேழாவது நாள் அந்த வாசனை என்னைத் தோற்கடித்துவிட்டது. ஆனால் நானும் முறைப்படிதான் செய்தேன். மாலையைக் கழற்றி, ஃபிரிட்ஜுக்கு நேரெதிரே இருக்கும் குழாயில் மாட்டுவேன். இரண்டு துண்டு சாப்பிடுவேன். வாய் கொப்பளித்து, முகம் கழுவி, மாலையை மறுபடி போட்டுக்கொள்வேன். மாலை கழுத்தில் இல்லாத நேரத்தில் செய்வது கணக்கில் வராது என்று என் எண்ணம்.

பழி போய் விழுந்தது புஷ்பா அக்கா மேல். அவர்தான் ஆபீஸைக் கூட்டித் துடைத்து, தேத்தண்ணி கலக்குகிறவர். பேன்ட்ரியிலேயே இருப்பவர் என்பதைத் தவிர அவர் செய்த குற்றம் எதுவுமில்லை. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் படித்தார்கள். ஒரு திங்கட்கிழமை மேடம் அவரைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கெழமையோட நின்னுக்குங்க" என்று சொல்லிவிட்டார். அக்கா அழவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, நீங்க மால போட்டவங்க. நீங்க வேண்டிக்கிட்டா சாமி கேக்கும். நான் எடுக்கலன்னு மேடத்துக்குத் தெரிஞ்சாப் போதும்."

"சரிக்கா" என்றேன். வேறென்ன சொல்ல? அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அப்படியும் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மறுபடி ஃபிரிட்ஜைத் திறந்தேன் என்றால் என்னை என்ன சொல்லுவீர்கள்? அக்கா அப்போது கீழே படி கழுவிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் துண்டு குறைந்தால் அவர் நிரபராதி என்று ஆகிவிடுமே என்று கணக்குப் போட்டேன். அப்படியானால் எடுத்து ஒளித்து வைத்திருக்கலாமே, ஏன் சாப்பிட்டாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

பன்னிரண்டு மணிக்கு நெசமாவா அண்ணன் துறைமுகத்திலிருந்து வந்தார். பேன்ட்ரிக்குள் போனார். உள்ளேயிருந்து ஒரு கூச்சல்.

"எல்லாரும் வாங்க! மாட்டிக்கிச்சி! ஆதாரம் இருக்கு!"

மேடம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். புஷ்பா அக்கா கைத்துணியோடு ஓடினார். நான் மட்டும் நடந்து போனேன். அண்ணன் பிளாஸ்டிக் பை சுற்றிய தன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஃபிரிட்ஜு கதவ மூடுனா உள்ள லைட்டு அணையும்னு எல்லாரும் சொல்றீங்க. யாராச்சும் உள்ள போயிப் பாத்தீங்களா? தெறக்கும்போதெல்லாம் எரியுது. அப்ப மூடுனப்பறமும் எரிஞ்சிக்கிட்டேதான இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். அதான் காலையில பத்தே முக்காலுக்கு வீடியோவப் போட்டு, சோயா போத்தலுக்குப் பின்னால வெச்சிட்டுப் போனேன்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்றார் மேடம்.

"சொல்லிட்டு வெச்சா அது உஷாராயிரும் மேடம்."

வீடியோவை ஓட்டினார். வெளிச்சத்தில் முட்டைத் தட்டும் மேடத்தின் டப்பாவும் தெரிந்தன. கதவு மூடியது. கும்மிருட்டு. "பாத்தீங்களா? அணைஞ்சிருச்சி! ஃபிரிட்ஜு மேல தப்பே இல்ல!" அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மேடத்துக்கு அதற்குள் வேறொன்று உறைத்துவிட்டது.

"எவ்ளோ நேரம் ஓடுச்சி இது?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல உள்ள இருந்துச்சி மேடம்."

"அப்ப நடுவுல யார் தெறந்தாலும் தெரியுமே! ஓட்டுங்க, ஓட்டுங்க!"

நான் கதவுப் பக்கம் ஒரு அடி நகர்ந்தேன். அண்ணன் கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. திரை வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என் கழுத்து மாலையைப் பார்த்தார். பிறகு கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"பாத்துட்டேன் மேடம். கொஞ்ச நேரந்தான் ஓடியிருக்கு. குளிர்ல பேட்டரி செத்துருச்சி."

"இப்ப வேல செஞ்சிச்சே?"

"வெளிய எடுத்ததும் சூட்டுல உசுரு வந்துருச்சி. குளிருக்கு பேட்டரி அப்படித்தான்."

மேடம் கண்ணைச் சுருக்கினார். "நெசமாவா?"

"நெசந்தான் மேடம்."

அந்த மனிதர் எதையும் துடைத்துப் பார்க்காமல், மிதித்துப் பார்க்காமல், நெசம் என்று அடித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் பொய். எனக்கு அவமானத்தில் காது இரண்டும் கொதித்தன. எல்லோரும் கலைந்தார்கள். புஷ்பா அக்கா குனிந்து தரையைத் துடைக்கப் போய்விட்டார்.

நான் அண்ணன் பின்னாலேயே கீழே ஓடினேன். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கண்ணே."

"மாலயக் கழட்டிக் கொழாயில மாட்டிட்டா, சாமிக்குக் கண்ணு தெரியாமப் போயிருமா?"

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. சிராப் கிளாஸைப் பார்த்த அதே முகம். "நீதான் டெஸ்ட் பண்ணிருக்க. அதான் ஒங்கிட்ட கேக்கறேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மேடத்துக்கிட்ட ஏன்ணே சொல்லல?"

"நான் லைட்டு மேலதான் கேஸு போட்டேன். லைட்டு கேஸு முடிஞ்சிருச்சி. ஒன் கேஸ நீதான் பேசணும். நாளைக்கு வெள்ளிக்கெழம லா தம்பி." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

நான் லிப்டில் ஏறவில்லை. லிப்டில் ஏறினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேன். மூன்று மாடி ஏறி மேடத்தின் முன்னால் நின்று, புஷ்பா அக்காவையும் கூப்பிடச் சொல்லி, எல்லாவற்றையும் கொட்டினேன். மேடத்துக்கு மட்டனைவிட வேறொன்றுதான் பெரிய அதிர்ச்சி.

"மால போட்டுக்கிட்டா?"

"இல்ல மேடம். கழட்டிட்டு."

"ஐயோ முருகா!" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய்ப் புஷ்பா அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அக்கா அப்போதுதான் அழுதார். ஒரு மாதம் எனக்கு மட்டும் சீனி போடாத தேத்தண்ணி வந்தது. நான் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

அந்த வருடம் நான் பால்குடம் எடுக்கவில்லை. அடுத்த வருடம் ஒரு நாள்கூடத் தவறாமல் விரதமிருந்து எடுத்தேன். அண்ணன் பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு வந்தார். "இந்த வெயில்ல பாலு ஏந் திரியல?" என்று மலை ஏறும் வரைக்கும் காதுக்குள் கேட்டுக்கொண்டே வந்தார். மேலே போனதும் நெசமாகவே எட்டிப் பார்த்தார்.

நான் ஒப்புக்கொண்ட அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவரைக் கேட்டேன். "நான் சொல்லாம விட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"நீ சொல்லுவன்னு தெரியும்."

"எப்படித் தெரியும்? அதுக்கு ஆதாரம்?"

"ஆளுங்களயெல்லாம் டெஸ்ட் பண்ணக்கூடாது தம்பி" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் தள்ளினார். எனக்கு இன்னொரு பயம் பாக்கி இருந்தது.

"அந்த வீடியோவ அழிச்சிட்டீங்களாண்ணே?"

"அப்பவே அழிச்சிட்டேன்."

"நெசமாவா?"

அண்ணன் சிரித்தார். பையிலிருந்து கைப்பேசியை எடுத்து என் கையில் வைத்தார். "நீயே பாத்துக்க."

நான் பார்க்கவில்லை. அப்படியே அவர் சட்டைப் பையில், டார்ச் லைட்டுக்குப் பக்கத்தில், திருப்பிப் போட்டேன்.