குறை வேறு, கறை வேறு

பெரிய துரை சீமைக்குக் கிளம்புவதில் தேயிலைத் தோட்டத்திலேயே அதிகம் வருந்தியவன் சின்னக் கிளாக்கர் சிறில்தான். போகுமுன் தன்னைப் பெரிய கிளாக்கராக்கிவிட்டுப் போக வேண்டுமே என்ற வருத்தம். அதற்காகவே பிரியாவிடைப் பத்திரத்தை இங்கிலீஷில் எழுதினான். வாசிக்கும்போது போட்டுக்கொள்ள துணி வெளுக்கும் டோபி சோலைமலையிடம் வெள்ளைக் கோட்டு ஒன்றை வாடகைக்கு எடுத்தான்.

"யாரு கோட்டுய்யா?"

"போட்டுட்டுக் குடுங்க ஐயா. ஊரு பேரெல்லாம் எதுக்கு?"

விழாவுக்குச் சற்று முன் பள்ளிக்கூடத்து கஸ்பர் மாஸ்டர் பத்திரத்தைப் புரட்டினார்.

"என்ன தம்பி, தொரையோட நடத்தை 'இம்பெக்கபிள்'னு போட்டிருக்க?"

"சுத்தம்னு அர்த்தம், மாஸ்டர்."

"அது உள்சுத்தம். ஒரு குறையும் இல்லாத மனுசன்னு அர்த்தம். மழையில கொழுந்தெடுத்த பொம்பளைங்களுக்கு அரை நாள் பேரு போட்டு பாதிச் சம்பளம் குடுத்தவர அப்படிச் சொன்னா, காலையில வேலைக்குப் பேரு குடுக்க நிக்கிற பெரட்டுக்களமே சிரிக்கும்."

"அப்ப என்ன போடுறது?"

"'இம்மாகுலேட்'னு போடு. மேல ஒரு கறையும் இல்லைங்கிறது. தொரையோட கோட்டப் பத்திச் சொல்லிரு. பொய்யும் இல்ல, பாவமும் இல்ல."

சிறில் அவசரமாக அடித்துத் திருத்தினான். மை இறங்காத பேனாவை உதறினான். போட்டிருந்த கோட்டின் மார்பில் ஒரு சொட்டு மை.

"நல்ல இம்மாகுலேட்!" என்றார் மாஸ்டர்.

சோக்குக்கட்டியால் தேய்த்தான். சொட்டு, ரூபாய்க் காசாயிற்று. ஈரத்துணியால் துடைத்தான். காசு, கோப்பைத் தட்டாயிற்று. கடைசியில் துரைக்கு வைத்திருந்த மாலையிலிருந்து பெரிய டேலியாப் பூவைப் பிய்த்துக் கறையின் மேல் குத்திக்கொண்டான்.

துரை வந்தார். வழக்கமான வெள்ளைக் கோட்டு இல்லை, காக்கிச் சட்டை. சிறில் பத்திரத்தைப் பார்த்தான்; அதில் வெள்ளைக் கோட்டு. இனித் திருத்த நேரமில்லை. வாசித்தான்.

"தங்கள் வெள்ளைக் கோட்டில் இன்றுவரை நாங்கள் ஒரு கறையும் கண்டதில்லை..."

துரை வைத்த கண் வாங்காமல் சிறிலின் மார்பையே பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்துகூடப் பார்த்தார். சிறிலுக்குப் பெரிய கிளாக்கர் மேசை கண்ணில் தெரிந்தது. பூரிப்பில் நெஞ்சை இன்னும் நிமிர்த்தினான். பூ கழன்று விழுந்தது.

பின்வரிசையில் பங்களாச் சமையல்காரர் அழகுமுத்து, டோபியின் விலாவில் இடித்தார்.

"ஏன்யா, வெளுக்கப் போட்ட வெள்ளக் கோட்டு எங்கேன்னு காலையிலேருந்து தொரை குதிக்கிறாரு. எங்கய்யா அது?"

சோலைமலை தலையைச் சொறிந்தார்.

"அந்தா... வாசிச்சுக்கிட்டு இருக்கு."